மந்திரவாதியின் வீடு விசுவாசியின் வீட்டில் இருக்கலாமா?



சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த புதன்கிழமை ஜெபத்துக்கு வந்திருந்த ஒரு சகோதரி, ஹாலில் பாய் விரிக்கும்போது மூலையில் அடுக்கி வைத்திருந்த மூன்று அட்டைப்பெட்டிகளைப் பார்த்துவிட்டார்கள். பார்த்த உடனே அவர்கள் முகம் மாறிவிட்டது. ஜெபம் முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அந்த மந்திரவாதிப் பையன் படத்து சாமான்தானே? விசுவாசி வீட்ல இத வச்சிருக்கலாமாய்யா? பிள்ளைக்குக் காய்ச்சல் எப்ப வந்துச்சு, பெட்டி வந்த பிறகுதானே?" என்று கேட்டார்கள்.

காய்ச்சல் வந்தது உண்மை. பெட்டி வந்த பிறகு வந்ததும் உண்மை. ஆனால் அந்த வாரம் அம்பத்தூரில் எங்கள் தெரு முழுக்கக் காய்ச்சல். மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. பெட்டி வராத வீட்டுப் பிள்ளைகளும் படுத்திருந்தார்கள். இதை நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏனென்றால் அந்தச் சகோதரி வீட்டுத் தரையில் தகடும் எலுமிச்சம்பழமும் தோண்டி எடுத்த குடும்பத்திலிருந்து இரட்சிக்கப்பட்டு வந்தவர்கள். செய்வினை என்ற சொல் அவர்களுக்குக் கதையல்ல. அந்தப் பயத்தில் அவர்கள் தகப்பனார் நிலத்தை விற்று மந்திரவாதிக்குக் கொடுத்தார். அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

"எரிச்சிடுங்க ஐயா" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். அவர்களுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லெகோ என்பது டென்மார்க் தேசத்துப் பிளாஸ்டிக் விளையாட்டுச் செங்கல். ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ஜே.கே. ரவுலிங் என்ற அம்மையார் 1997 முதல் 2007 வரை எழுதிய ஏழு ஹாரி பாட்டர் புத்தகங்களும், 2001 முதல் 2011 வரை வந்த எட்டுப் படங்களும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் படங்களில் வருகிற வீடுகளைச் சின்னதாகக் கட்டுவதற்கான செட்டுகளை லெகோ கம்பெனி 2001 முதல் வெளியிட்டு வருகிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவை மூன்று. 2019-ல் வந்த ஹாக்ரிட்டின் குடிசை, 496 துண்டுகள். 2020-ல் வந்த பிரிவெட் டிரைவ் 4-ஆம் நம்பர் வீடு, 797 துண்டுகள். அதே வருஷம் வந்த வீஸ்லி குடும்பத்தின் வீடு, 1,047 துண்டுகள். மூன்றும் சேர்ந்து 2,340 துண்டுகள்.

அனுப்பியவன் என் மனைவியின் தங்கை மகன். 2012 முதல் துபாயில் வேலை. இப்போது கனடா போகிறான். தூக்கிக்கொண்டு போக முடியாது என்று, நாலாம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்கு கார்கோவில் போட்டுவிட்டான். புதுப்பெட்டிகள் அல்ல. அவனே வாங்கி, அவனே கட்டி, பிறகு கழற்றி, நம்பர் வாரியாகச் சின்னச் சின்ன கவரில் போட்டு வைத்திருந்தான். "36 வயசு ஆம்பளைக்கு எதுக்கு மாமா பொம்மை வீடு?" என்று என் மருமகள் சிரித்தாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

எரிப்பதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது? உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் குறிசொல்லுகிறதும் சூனியமும் மாயவித்தையும் தேவனுக்கு அருவருப்பு என்று வரிசையாக இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. அப்போஸ்தலர் 19-ல் எபேசு பட்டணத்தில் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள், கிரயம் கணக்குப் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு. சகோதரி சொன்னதும் இந்த வசனத்தை வைத்துத்தான்.

ஆனால் பிரியமானவர்களே, அந்த அதிகாரத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். யார் எரித்தார்கள்? அந்த வித்தையை நடப்பித்தவர்கள். யாருடைய புத்தகம்? தங்களுடையது. அதற்கு முந்தின வசனத்தில் அவர்கள் தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டார்கள் என்று இருக்கிறது. அறிக்கை முதலில், அக்கினி பிறகு. பக்கத்து வீட்டுப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. 2001 டிசம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமகோர்டோ என்ற ஊரில் ஒரு சபை ஹாரி பாட்டர் புத்தகங்களைக் குவித்து எரித்தது, செய்தி உலகமெல்லாம் பரவியது. அவர்களுடைய வைராக்கியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீயில் அறிக்கை எவ்வளவு, வேடிக்கை எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று. 2007-ல் வந்த கடைசிப் புத்தகத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் வருகிறது. அங்கே இரண்டு கல்லறைகளின்மேல் வேத வசனம் பொறித்திருக்கிறது. ஒன்று மத்தேயு 6-லிருந்து, பொக்கிஷத்தையும் இருதயத்தையும் பற்றியது. இன்னொன்று 1 கொரிந்தியர் 15-லிருந்து, மரணம் என்னும் கடைசிச் சத்துருவைப் பற்றியது. இதனால் அந்தக் கதை ஆவிக்குரிய கதை ஆகிவிடுமா? ஆகாது. கதையில் மந்திரக்கோலும் மருந்துக் கஷாயமும் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளை எது கதை, எது சத்தியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வயதில் இருந்தால் பெற்றோர் யோசிக்கத்தான் வேண்டும். என் பேரனிடம் கேட்டேன். "தாத்தா, துடைப்பத்துல பறக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டான்.

இப்போது என் தொழில்புத்தி கொஞ்சம் பேச இடம் கொடுங்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 வருஷம் டூல் ரூமில் வேலை பார்த்தவன். பிளாஸ்டிக் மோல்டிங்குக்கு டை செய்வதுதான் தொழில். பக்கெட் மூடியிலிருந்து வண்டி பார்ட்ஸ் வரைக்கும் டை போட்டிருக்கிறேன். பேரன் கையிலிருந்து ஒரு துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிசிறு இல்லை. எங்கள் எஸ்டேட்டில் மோல்டிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே நாலு பெண்பிள்ளைகள் பிளேடு வைத்துக்கொண்டு பிசிறு சீவிக்கொண்டிருப்பார்கள். இதில் சீவின தடமே இல்லை. பழைய வெர்னியரைத் தேடி எடுத்து அளந்தேன். குமிழுக்குக் குமிழ் சரியாக 8 மில்லிமீட்டர். செங்கல் உயரம் 9.6. இருபது துண்டு எடுத்தேன், இருபதும் அப்படியே. மைக்ரான் கணக்கில் டை போட்டால்தான் இது வரும். ஒரு பொடி அளவு கூடினால் பிள்ளையின் கைக்கு இறுகிப்போகும், ஒரு பொடி குறைந்தால் கழன்று விழும். 1958-ல் செய்த செங்கல் இன்றைக்குச் செய்யும் செங்கலோடு பொருந்தும் என்றால், அறுபது வருஷத்துக்கு மேல் டூல் ரூமில் யாரோ ஒருவர் கண்ணை மூடாமல் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலை தெரிந்தவனுக்கு இது கண்ணீர் வரவைக்கும் காரியம்.

இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு தச்சர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்று பெயர், பில்லுண்ட் என்ற சின்ன ஊர். இன்னர் மிஷன் என்கிற லுத்தரன் எழுப்புதல் இயக்கத்தைச் சேர்ந்த ஜெபிக்கிற மனுஷன். 1932-ல் தேசமே பஞ்சத்தில் கிடந்தபோது வேலை இல்லாமல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். அதே வருஷம் மனைவியும் இறந்துபோனார், கையில் நாலு ஆண் பிள்ளைகள். 1942-ல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டினார். அவர் மகன் காட்ஃபிரட் ஒரு தரம் மர வாத்துகளுக்கு மூன்று கோட் வார்னிஷ் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோட் அடித்து அனுப்பிவிட்டு, "அப்பா, காசு மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னானாம். தகப்பன் அவனை ரயில் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பி, பெட்டிகளையெல்லாம் வாங்கிவரச் சொல்லி, மூன்றாவது கோட் அடித்து முடிக்கும்வரை விடவில்லை. எங்கள் எஸ்டேட்டில் இப்படி ஒரு முதலாளி இருந்திருந்தால் நாங்கள் பாதிப் பேர் ஓடியிருப்போம், மீதிப் பேர் நல்ல வேலைக்காரர்கள் ஆகியிருப்போம்.

அதே சமயம் ஒன்றை மறைக்கக்கூடாது. 1949-ல் லெகோ செய்த முதல் பிளாஸ்டிக் செங்கல், இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் செய்து விற்றதைப் பார்த்துச் செய்தது. உள்ளே குழாய் வைத்து இறுகப் பிடிக்கும் முறை 1958-ல் லெகோவே கண்டுபிடித்தது. ஆனால் ஆரம்ப யோசனை வேறொருவருடையது. பேஜ் 1957-ல் இறந்துபோனார். கிடிகிராஃப்ட் உரிமையை லெகோ விலை கொடுத்து வாங்கியது 1981-ல். மூன்றாவது கோட் வார்னிஷ் விஷயத்தில் அவ்வளவு உத்தமமாய் இருந்த வீட்டில் இப்படி ஒரு கல்லும் அஸ்திபாரத்தில் இருந்திருக்கிறது. நல்ல மனுஷர் வீடுகளில் இது நடக்காத காரியமல்ல. இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

பேரனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நானும் அவனும் உட்கார்ந்து மூன்று வீட்டையும் கட்டினோம். எனக்குக் கண் சரியில்லை, துண்டு தேடுவது அவன், பொருத்துவது நான். ஒவ்வொன்றுக்கும் படம் போட்ட புத்தகம் உண்டு. எழுத்தே கிடையாது, படத்தைப் பார்த்தே கட்டலாம்.

ஹாக்ரிட்டின் குடிசை ஒரே அறை. அடுப்புக்குள்ளே ஒரு விளக்குத் துண்டு இருக்கிறது, அழுத்தினால் தணல் மாதிரி எரியும். வெளியே பூசணித் தோட்டம். கதைப்படி பள்ளிக்கூடத்திலிருந்து அநியாயமாய்த் தள்ளப்பட்ட ஒரு பெரிய மனிதன், யாருக்கும் வேண்டாத மிருகங்களை வைத்து வளர்க்கிற இடம் அது. பெட்டியில் ஒரு கொலைத் தண்டனைக்காரன் பொம்மையும் இருக்கிறது, கையில் கோடாரி. அந்த மிருகத்தைக் கொல்ல வருகிறவன். இது பிள்ளைகளுக்குத் தேவையா என்று எனக்குத் தோன்றியது. பேரன் அந்த ஆளிடமிருந்து கோடாரியைப் பிடுங்கிவிட்டுத் தோட்டக்காரனாக நிறுத்திவிட்டான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீஸ்லி வீடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏழு பிள்ளை பெற்ற ஏழைக் குடும்பம். பிள்ளை பிறக்கப் பிறக்க ஒரு அறையின் மேல் இன்னொரு அறை ஏற்றி, கோணலாய், ஒன்றோடு ஒன்று சாய்ந்து நிற்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம ஓ.டி. பக்கம், ஆவடி, பூந்தமல்லி எங்கே பார்த்தாலும் இந்த வீடுதானே! கீழே தகப்பன் 1980-ல் கட்டினது, மேலே மூத்த மகன் கல்யாணத்துக்கு ஏற்றினது, அதற்கு மேலே இளையவனுக்கு ஷீட் போட்ட அறை, மொட்டை மாடியில் இன்னும் பிறக்காத பேரனுக்காகத் துருப்பிடித்து நிற்கிற கம்பிகள். என் வீட்டிலும் 15 வருஷம் அப்படிக் கம்பி நின்றது. கதையில் அந்த ஏழை வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, தாய்தகப்பன் இல்லாத பையனுக்கு அங்கேதான் முதல் தரம் பிறந்தநாள் ஸ்வெட்டர் மாதிரி ஏதோ ஒன்று பின்னிக் கொடுக்கிறார்கள் என்றான் பேரன். "பிறந்தநாள் இல்ல மாமா, கிறிஸ்துமஸ்" என்று மருமகள் அடுக்களையிலிருந்து திருத்தினாள். அவளும் படம் பார்த்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் பிரிவெட் டிரைவ் வீடு. மூன்றிலும் இதுதான் ஒழுங்கான வீடு. சுவர் நேர், கூரை நேர், வாசலில் புல், சோபா, சாப்பாட்டு மேஜை. வீட்டுக்காரருக்கு மந்திரம் என்ற பேச்சே ஆகாது. அப்படி ஒரு வார்த்தையை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அந்தச் சகோதரி பயந்த காரியம் இந்த ஒரு வீட்டில் மட்டும் கிடையாது, வீட்டுக்காரர்களே அதற்குக் காவல். மரித்துப்போன தங்கையின் மகனை வளர்க்கிறார்கள். சொந்த மகனுக்கு மாடியில் அறை. அந்தப் பையனுக்கு மாடிப்படிக்குக் கீழே அலமாரி.

புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கதவு பொருத்த வேண்டும். என் கை நின்றுவிட்டது.

லேவியராகமம் 14-ல் வீட்டுக்கு வரும் குஷ்டதோஷத்தைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. சுவரில் பச்சையும் சிவப்புமாய்க் குழி விழுந்தால் வீட்டுக்காரன் தானே ஆசாரியனிடம் போய், என் வீட்டில் தோஷம் வந்தாற்போலத் தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும். ஆசாரியன் வந்து பார்த்து, ஏழு நாள் அடைத்துவைத்து, தோஷம் இருக்கிற கல்லை மட்டும் பெயர்த்து ஊருக்குப் புறம்பே போட்டு, வேறே கல் வைக்கச் சொல்வான். உடனே வீட்டை இடிக்கச் சொல்வதில்லை. ஆனால் சொல்ல வேண்டியது வீட்டுக்காரன். பக்கத்து வீட்டுக்காரன் அல்ல.

சொல்லிவிடுகிறேன்.

1997-ல் என் மைத்துனி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். தகப்பன் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தான். ஒன்பது வயதுப் பையனை நாங்கள் கூட்டிவந்தோம். சபையில் எல்லாரும் எங்களைப் பாராட்டினார்கள், ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னேன். யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்று இருப்பதை எடுத்துப் பேசினேன். பையன் முதலில் என் மகனோடு ஹாலில்தான் படுத்தான். 2000-ல் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. ராத்திரி படிக்க வேண்டும், விளக்கு எரியும், சின்னவன் தூங்க முடியவில்லை, பேச்சுக்கொடுக்கிறான் என்றெல்லாம் சொல்லி, மாடிப்படிக்குக் கீழே மோட்டாரும் காலி கேஸ் சிலிண்டரும் வைத்திருந்த இடத்தை ஒழித்து, ஒரு தகரக் கதவு போட்டு, அங்கே அவனுக்குப் பாய் போட்டோம். "ஒரு மாசம்தான்டா" என்றேன். என் மனைவி, "புள்ளைய அங்க போடாதீங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். பரீட்சை முடியட்டும் என்றேன்.

பரீட்சை முடிந்தது. பிறகு பிளஸ் டூ வந்தது. பிறகு ஹாலில் புதன்கிழமை ஜெபம் ஆரம்பித்தோம், பாயும் டோலக்கும் ஸ்பீக்கரும் வைக்க இடம் வேண்டியிருந்தது. வெளியூர் ஊழியக்காரர்கள் வந்தால் தங்க ஹால் வேண்டும். ஒரு மாசம் ஆறு வருஷம் ஆயிற்று. 2006-ல் ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போகும்வரை அவன் அங்கேதான் படுத்தான்.

அவனை அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. ஃபீஸ் கட்டினேன், துணி எடுத்தேன். அந்தக் கதையில் வரும் வீட்டுக்காரர்களைப் போல நாங்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. இதைத்தான் இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வீட்டைக் கட்டும்போது, உபாகமம் 22-ல் சொன்னபடி மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைத்துக் கட்டினேன் என்று கொத்தனாரிடமும் பாஸ்டரிடமும் பெருமையாகச் சொன்னவன் நான். மாடியிலிருந்து யாரும் விழுந்துவிடக்கூடாது என்று வேதம் பார்த்துச் சுவர் வைத்தேன், படிக்குக் கீழே பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே பத்தே படி.

ஜெபவீட்டில் அசுத்தம் எந்த வழியாக நுழையும் என்று நாம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொலுவுக்குக் கூப்பிட்டால் பிள்ளையை அனுப்புவதில்லை. சினிமாப் பெட்டி என்று ஒரு காலத்தில் டி.வி.யே வாங்கவில்லை. என் வீட்டில் 1990-களில் சீட்டுக்கட்டு, ராசிபலன் போட்ட காலண்டர் எதுவும் கிடையாது. அத்தனை காவலும் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் காவலே எனக்கு ஒரு திருப்தியைக் கொடுத்தது, அந்தத் திருப்தியில் தகரக் கதவு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மந்திரம் இல்லாத வீடு என்பதாலேயே பிரிவெட் டிரைவ் சுத்தமான வீடு ஆகிவிடவில்லை. கதை எழுதின அம்மையாருக்கு இது தெரிந்திருக்கிறது.

சகோதரி சொன்னபடி அன்றைக்கே எரித்திருந்தால்? காரியம் சுலபமாய் முடிந்திருக்கும். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள், நானும் வைராக்கியமுள்ளவன் என்று பேர் வாங்கியிருப்பேன். அந்தச் சின்னக் கதவைப் பொருத்தாமலே தப்பித்திருப்பேன்.

ஆனாலும் இதோடு சகோதரியின் கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. 1 கொரிந்தியர் 8-ல் விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவதைப் பற்றிப் பவுல் பேசுகிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் என் சாப்பாடு பலவீனமான சகோதரனுக்கு இடறலாகுமானால் நான் என்றைக்கும் மாம்சம் சாப்பிடமாட்டேன் என்கிறார். அப்படியானால், தகடு தோண்டி எடுத்த வீட்டில் பிறந்த ஒரு சகோதரி என் ஹாலில் உட்கார்ந்து ஜெபிக்கும்போது மந்திரவாதிப் பையன் பொம்மை அவர்கள் கண்ணில் படுகிறது, மனசு நடுங்குகிறது. என் பேரன் விளையாட்டுக்காக அவர்கள் நடுங்க வேண்டுமா? இதை நான் ரொம்ப யோசித்தேன். அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு எடுக்கலாம் என்று மருமகள் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் ஒன்றை மறைத்து வைப்பதா?

பவுல் சாப்பிடாமல் இருப்பேன் என்றுதான் சொன்னார், பேசாமல் இருப்பேன் என்று சொல்லவில்லை. அதனால் சகோதரி வீட்டுக்கு நானும் என் மனைவியும் போனோம். மேலே எழுதினதையெல்லாம் சொன்னோம், படிக்குக் கீழே இருந்த இடத்தையும் சொன்னோம். அவர்கள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்லயும் அம்மா செத்த பிறகு அத்தை பொண்ணு ஒண்ணு இருந்துச்சுங்க ஐயா" என்றார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்னது அவர்களுடையது, நான் எழுதக்கூடாது. பொம்மையைப் பற்றி மனசு மாறவில்லை. "இருந்தாலும் எனக்கு அது ஒப்பல" என்றார்கள். சரி, புதன்கிழமை மட்டும் மாடிக்கு எடுத்துப் போய்விடுகிறேன், உங்களுக்குத் தெரிந்தே எடுத்துப் போகிறேன் என்றேன். அதற்குத் தலையாட்டினார்கள்.

இன்னும் ஒருத்தனிடம் சொல்ல வேண்டியிருந்தது. போன் போட இரண்டு நாள் ஆயிற்று எனக்கு.

"எல்லாம் வந்து சேந்துச்சா பெரியப்பா?" என்றான். சேர்ந்தது, மூன்றையும் கட்டிவிட்டோம் என்றேன். பிறகு, "தம்பி, அந்த வீட்ல படிக்குக் கீழே..." என்று ஆரம்பித்தேன், தொடர முடியவில்லை. அவனே, "அது சும்மா கதை பெரியப்பா" என்றான். இல்லப்பா, நம்ம வீட்டைச் சொல்கிறேன் என்றேன். பரீட்சை ஒரு சாக்கு, ஜெபம் ஒரு சாக்கு, நான் செய்தது தப்பு, பெரியம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள், என்னை மன்னித்துவிடு என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மோட்டார் ஓடுறப்ப சுவரு அதிரும் பெரியப்பா. காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி விடுவாங்கல்ல, அதுலதான் முழிப்பேன்" என்றான். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நீலக் கார் சக்கரம் ஒண்ணு இறுகிப் போயிருக்கும், பாத்தீங்களா?" என்று கேட்டான். பார்த்தேன், சரிபண்ணிவிட்டேன் என்றேன். "நீங்கதான் டூல் ரூம் ஆளாச்சே" என்று சிரித்தான்.

ஏன் இந்த வீடுகளை வாங்கிக் கட்டினாய் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் பேரன் மூன்று வீட்டையும் கழற்றிப்போட்டான். படம் பார்த்துக் கட்டுவது அவனுக்கு அலுத்துவிட்டது. குமிழ் எட்டு வைத்த துண்டு ஆறே ஆறு இருந்தால் 91 கோடிக்கு மேல் விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், இவனிடம் 2,340 துண்டு. ஹாக்ரிட் கூரையும் வீஸ்லி மாடியும் பிரிவெட் டிரைவ் சுவரும் கலந்து எங்கள் அம்பத்தூர் வீட்டையே கட்டியிருக்கிறான். மேலே கறுப்புத் துண்டில் சின்டெக்ஸ் டேங்க், வெளியே மாடிப்படி, வாசலில் நீலக் கார். படிக்குக் கீழே அந்தச் சின்னக் கதவைக் காணோம். எங்கேடா என்றேன். "அது மோட்டார் வைக்கிற இடம் தாத்தா, அதுக்கு எதுக்குக் கதவு" என்றான். சித்தப்பா டிசம்பரில் கனடா போகும் முன்னே பத்து நாள் இங்கே வருகிறான் என்று அவனுக்குத் தெரியும். மேல் அறையில் அவனுக்குக் கட்டில் போட்டு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறோம், பெயிண்டர் பாதி வேலையில் ஊருக்குப் போய்விட்டான்.